துக்கத்தில் இருப்பவர்களும் அவர்கள் பக்கத்தில் இருப்பவர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நெருங்கியவரைப் பறிகொடுத்தவர்களோடு உட்கார்ந்து பேசுகிற வேலையைச் சில காலமாகச் செய்துவருகிறேன். நான் மருத்துவர் இல்லை, சம்பளத்துக்குச் செய்வதும் இல்லை. பக்கத்தில் இருந்து கேட்பேன், தெரிந்ததைச் சொல்வேன். யார் வந்தாலும் கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதிலும் பாதிப் பேர் "இதைக் கேக்கலாமா தெரியலை" என்று தயங்கித்தான் ஆரம்பிக்கிறார்கள். அதனால் அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி, நான் வழக்கமாகச் சொல்லும் பதிலையும் சேர்த்திருக்கிறேன். சமீபத்தில் இழந்தவர்கள் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் படிக்க வேண்டாம். உங்கள் கேள்வி எதுவோ அதை மட்டும் பாருங்கள், மீதியை முடிந்தபோது பார்த்துக்கொள்ளலாம்.

"இந்த வலி எத்தனை நாள் இருக்கும்? ஒரு கணக்கு சொல்லுங்க."

கணக்கு கிடையாது. முதல் சில வாரங்கள் பலருக்கு மரத்துப்போன மாதிரி இருக்கும். செய்ய வேண்டிய காரியங்கள், வந்துபோகிற ஆட்கள், கையெழுத்துப் போட வேண்டிய காகிதங்கள் என்று நாள் ஓடிவிடும். எல்லோரும் கிளம்பிப் போய், தொலைபேசி அழைப்புகளும் நின்ற பிறகுதான் இழப்பு உறைக்கவே ஆரம்பிக்கும். "மூணு மாசம் ஆச்சு, இப்பதான் முன்னைவிட மோசமா இருக்கு, எனக்கு ஏதாவது கோளாறா" என்று கேட்டவர்கள் நிறையப் பேர். கோளாறு இல்லை, பலருக்கும் அப்படித்தான் நடக்கிறது.

அப்புறம், வலி ஒரே சீராகக் குறைந்துகொண்டும் வராது. நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கும், பேருந்தில் பின்னால் உட்கார்ந்திருப்பவர் அப்பா மாதிரியே தொண்டையைச் செருமுவார், அன்றைய பொழுது முழுக்கப் போச்சு. பிறந்தநாள், மண நாள், இறந்த தேதி இதெல்லாம் வருவதற்குச் சில நாள் முன்பே மனசு கனக்கத் தொடங்கிவிடும், ஆகவே அந்த நாளை யாரோடு, எங்கே கழிப்பது என்று முன்கூட்டியே முடிவு செய்துவைப்பது உதவும். இப்படி வந்து தாக்குவதற்கு நடுவே உள்ள இடைவெளி கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். பெரும்பாலோர் சிகிச்சை எதுவும் இல்லாமலேயே, சுற்றி இருப்பவர்களின் துணையோடு மறுபடி எழுந்து நடமாடிவிடுகிறார்கள்.

"துக்கத்துக்கு அஞ்சு கட்டம் இருக்காமே. நான் எந்தக் கட்டத்துல இருக்கேன்னே தெரியலை."

மறுப்பு, கோபம், பேரம் பேசுதல், மனச்சோர்வு, ஏற்றுக்கொள்ளல் என்ற பட்டியலைத்தான் சொல்கிறீர்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1969இல் எழுதியது அது. அவர் அப்போது பேசியது தீராத நோயில், தன் சாவு நெருங்கிவிட்டது என்று தெரிந்த நோயாளிகளிடம். அவர்கள் தங்கள் மரணத்தை எப்படி எதிர்கொண்டார்கள் என்பதைப் பற்றிய குறிப்பாக ஆரம்பித்தது, பிறகு உயிரோடு இருப்பவர்களின் துக்கத்துக்கும் பொருத்தப்பட்டது. அவர் மறைந்த பிறகு, 2005இல் வெளியான நூலிலேயே, எல்லோரும் எல்லாக் கட்டத்தையும் கடப்பதில்லை, வரிசையாகவும் வராது என்று சொல்லியிருக்கிறார். கோபமே வராதவர்கள் உண்டு, முதல் நாளே ஏற்றுக்கொண்டு ஆறு மாதம் கழித்து "இது எப்படி நடக்கலாம்" என்று கொதிப்பவர்களும் உண்டு. எந்தக் கட்டம் என்று தேடுவதை விட்டுவிடுங்கள்.

"எனக்கு அழுகையே வரலை. எல்லாரும் என்னையே பாக்குறாங்க. எனக்குப் பாசம் இல்லையா?"

அழுகையை வைத்துப் பாசத்தை அளக்க முடியாது. சிலர் அழுது தீர்ப்பார்கள், சிலர் விடிய விடிய பாத்திரம் கழுவுவார்கள், சிலர் கணக்கு வழக்கைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இப்போது அழாவிட்டால் பின்னால் பெரிதாக வெடிக்கும் என்று பயமுறுத்துவார்கள். துக்கத்தைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த ஜார்ஜ் பொனானோ என்ற உளவியலாளர், வெளியே அதிகம் தெரியாமல் துக்கப்படுபவர்களில் பெரும்பாலோருக்கு அப்படி எதுவும் நடப்பதில்லை என்றுதான் கண்டார். அழுகை வந்தால் அழுங்கள், வராவிட்டால் வரவழைக்க வேண்டாம்.

"ரெண்டு வாரம்கூட ஆகலை, நேத்து ஒரு காமெடிக்கு விழுந்து விழுந்து சிரிச்சுட்டேன். அப்புறம் ராத்திரி முழுக்கத் தூங்கலை."

சிரித்தது தப்பே இல்லை. 1999இல் மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஷுட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இதைப் பற்றித்தான் எழுதினார்கள்: துக்கத்தில் இருப்பவரின் மனம் ஒரு நேரம் இழப்பின் பக்கம் போகும், இன்னொரு நேரம் அன்றாட வாழ்க்கையின் பக்கம் திரும்பும், இப்படிப் போய்ப் போய் வருவதுதான் மீள்வதற்கான வழி. அந்தச் சிரிப்பு மனசு கொஞ்சம் மூச்சுவிட்டுக்கொண்ட நேரம். அடுத்த அழுகைக்கும் அதுதான் தெம்பு தரும்.

"துக்கம் விசாரிக்கப் போனா என்ன பேசறது? இறந்தவங்க பேரை எடுக்கலாமா, கூடாதா?"

எடுங்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். பேரைச் சொன்னால் அழுதுவிடுவாரே, ஞாபகப்படுத்தின மாதிரி ஆகிவிடுமே என்று பயந்து எல்லோரும் பேரைத் தவிர்க்கிறார்கள். அவர் மறந்தால்தானே நீங்கள் ஞாபகப்படுத்துவதற்கு! மகனை இழந்த ஒரு தாய் என்னிடம் சொன்னது: "அவன் போனதோட சேர்ந்து அவன் பேரும் இந்த வீட்டை விட்டுப் போயிடுச்சு. யாரும் சொல்றதே இல்லை. நான் சொன்னாலும் பேச்சை மாத்துறாங்க." நான் கேட்ட பெற்றோர்கள், துணையை இழந்தவர்கள் பலரும் வேறு வேறு வார்த்தையில் இதையேதான் சொல்லியிருக்கிறார்கள்.

"காலம் எல்லாத்தையும் ஆத்தும்", "நல்ல சாவு", "இதுவும் நல்லதுக்குத்தான்", "நீதான் தைரியமா இருக்கணும்" இதெல்லாம் சொல்பவருக்குத்தான் ஆறுதல். அதற்குப் பதில் உங்களுக்குத் தெரிந்த ஒரு சின்னச் சம்பவத்தைச் சொல்லுங்கள். "ஆபீஸ்ல நான் சேர்ந்த முதல் நாள், யாரும் பேசாதப்ப அவர்தான் வந்து பக்கத்துல உக்காந்தார்" என்று நீங்கள் சொன்னால், அந்த வீட்டுக்காரர்களுக்கு அதுவரை தெரியாத ஒரு நாள் அவருடைய வாழ்க்கையிலிருந்து புதிதாகக் கிடைக்கிறது. அவரிடமிருந்து இனி புதிதாக எதுவுமே வராது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள். சொல்ல எதுவும் இல்லையென்றால், "என்ன சொல்றதுன்னே தெரியலை, உன்கூட இருக்கணும்னு தோணுச்சு, வந்தேன்" போதும்.

இன்னொன்று, "எதுவா இருந்தாலும் கூப்பிடு" என்று சொல்லிவிட்டு வராதீர்கள், யாரும் கூப்பிட மாட்டார்கள். "செவ்வாய்க்கிழமை நான் வந்து பசங்களை ஸ்கூல்ல விடறேன்" என்று நாளும் வேலையுமாகச் சொல்லுங்கள். முதல் வாரம் ஊரே வரும், நீங்கள் மூன்றாவது மாதம் போங்கள்.

"சும்மா அதையே நினைச்சுட்டு இருந்தா எப்படி மீள்றது? மறந்தாதானே வெளிய வர முடியும்?"

ஒரு காலத்தில் நிபுணர்களே இப்படித்தான் நினைத்தார்கள். சிக்மண்ட் ஃபிராய்டு 1917இல் எழுதிய கட்டுரையில், இறந்தவரிடமிருந்து மனசைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தெடுப்பதுதான் துக்கத்தின் வேலை என்றார். மூன்று ஆண்டுகளில் அவருடைய மகள் சோஃபி காய்ச்சலில் இறந்துபோனார், வயது 26. இன்னும் ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகள் இருந்திருந்தால் 36 வயது நிறைந்திருக்கும் நாளன்று, தன்னைப் போலவே பிள்ளையைப் பறிகொடுத்த நண்பருக்கு அவர் எழுதிய கடிதம் வேறு மாதிரி இருக்கிறது. அந்த இடத்தை எது வந்து நிரப்பினாலும் அது வேறொன்றாகத்தான் இருக்கும், அப்படி இருப்பதுதான் சரி, நாம் விட மனமில்லாத அந்த அன்பைத் தொடர்வதற்கு அது ஒன்றே வழி என்கிறார். கோட்பாடு எழுதியபோது இருந்த ஃபிராய்டைவிட இந்தத் தகப்பனைத்தான் நான் நம்புகிறேன்.

1990களிலிருந்து ஆராய்ச்சியும் இந்தப் பக்கம் வந்துவிட்டது. இறந்தவரோடு உள்ள உறவு முடிந்துவிடுவதில்லை, வேறு உருவத்தில் தொடர்கிறது, அது பெரும்பாலும் நோயும் இல்லை என்று இப்போது பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள். முடிவெடுக்கத் தடுமாறும்போது "அம்மா இருந்தா என்ன சொல்லியிருப்பா" என்று கேட்டுக்கொள்கிறீர்களே, அதுவும் அந்த உறவுதான்.

"நான் கொஞ்சம் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிருந்தா பொழைச்சிருப்பாரோ?"

என்னிடம் மிக அதிகமாக வரும் கேள்வி இது, மிகவும் வதைக்கும் கேள்வியும் இதுதான். முடிவு என்னவென்று தெரிந்த இடத்தில் நின்றுகொண்டு திரும்பிப் பார்க்கும்போது எல்லா அறிகுறியும் பளிச்சென்று தெரியும். அன்றைக்கு அது வெறும் அசதி, வெறும் அஜீரணம். முன்பு நூறு முறை வந்து தானாகவே சரியான அதே அசதி. அன்று உங்களுக்கு என்ன தெரியுமோ அதை வைத்துத்தான் முடிவெடுத்தீர்கள், இன்று தெரிந்ததை வைத்து அன்றைய உங்களைக் கூண்டில் ஏற்றுவது நியாயமில்லை.

இப்படிச் சொன்னதும் குற்றவுணர்வு போய்விடும் என்று நான் எதிர்பார்ப்பதில்லை. அறிவுக்குப் புரியும், மனசு மறுபடி அங்கேயே போய் நிற்கும். சிகிச்சை தந்த மருத்துவரைச் சந்தித்து, என்ன நடந்தது, முன்பே வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நேரடியாகக் கேட்டுவிடுவது பலருக்கு உதவியிருக்கிறது. பல நேரம் பதில் நாம் பயந்ததைவிடக் கருணையாக இருக்கும். நிஜமாகவே தவறு நடந்திருந்தால், அதை யாரிடமாவது வாய்விட்டுச் சொல்லுங்கள், தனியாகச் சுமக்க வேண்டாம்.

"ரொம்ப நாள் படுக்கையில இருந்து போனாங்க. உண்மையைச் சொன்னா நிம்மதியாதான் இருக்கு. நான் கெட்டவளா?"

இல்லை. அவருடைய வேதனை முடிந்ததற்கும் உங்கள் உடம்புக்குத் தூக்கம் கிடைத்ததற்கும் வந்த நிம்மதி அது. அதற்குப் பக்கத்திலேயே துக்கமும் இருக்கும், இரண்டும் ஒன்றாக இருக்க முடியும். பார்த்துக்கொண்டவர்களுக்கு இன்னொரு வெறுமையும் உண்டு: மாத்திரை கொடுக்கிற நேரம் வரும், கை தானாகக் கடிகாரத்தைப் பார்க்கும், செய்ய ஒன்றும் இருக்காது.

"அவர் குரல் கேக்குது. சில நேரம் வாசல்ல நிக்கிற மாதிரியே இருக்கு. எனக்குப் புத்தி பேதலிச்சிடுச்சா?"

1971இல் டெவி ரீஸ் என்ற மருத்துவர், வேல்ஸ் நாட்டில் துணையை இழந்த ஏறத்தாழ 300 பேரிடம் பேசிப் பார்த்தார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவர் பக்கத்தில் இருப்பது போல உணர்ந்திருந்தார்கள், சிலர் பார்த்திருந்தார்கள், சிலர் குரலைக் கேட்டிருந்தார்கள். பெரும்பாலோர் அதை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது ஆறுதலாகவும் இருந்தது. உங்களுக்கும் ஆறுதலாக இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும். அந்தக் குரல் உங்களைத் திட்டினாலோ, உங்களையே காயப்படுத்திக்கொள்ளச் சொன்னாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள்.

"நெஞ்சு அடைக்குது. கவலையாலதான்னு எல்லாரும் சொல்றாங்க."

கவலைதான் என்று நீங்களே முடிவு செய்யாதீர்கள். நெருங்கியவர் இறந்த முதல் 24 மணி நேரத்தில் மாரடைப்பு வரும் வாய்ப்பு சுமார் 21 மடங்கு உயர்ந்ததாக 2012இல் வெளியான அமெரிக்க ஆய்வு காட்டியது. பிறகு அது படிப்படியாகக் குறைகிறது. அதிர்ச்சியில் இதயத்தின் தசை தற்காலிகமாகப் பலவீனமாகும் ‘டாக்கோட்சுபோ’ என்ற நிலையும் உண்டு. 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் பெயரிட்டது, மாதவிடாய் நின்ற பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது, பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். ஆனால் அறிகுறி மாரடைப்பு மாதிரியே இருக்கும் என்பதால் பரிசோதனை செய்யாமல் பிரித்தறிய முடியாது. துக்க வீட்டில் வயதானவர்கள் தங்கள் மாத்திரையை மறந்துவிடுவார்கள், யாராவது ஒருவர் அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

"குழந்தைகிட்ட எப்படிச் சொல்றது? தாத்தா தூங்குறார்னு சொல்லி வச்சிருக்கோம்."

அதை இன்றைக்கே திருத்திவிடுங்கள். தூங்குகிறார் என்றால் எப்போது எழுந்திரிப்பார் என்று காத்திருக்கும், இல்லை தானே தூங்கப் பயப்படும். ஊருக்குப் போயிருக்கிறார் என்றால், சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டாரே என்று ஏங்கும். "தாத்தா செத்துப்போயிட்டார். அவர் உடம்பு வேலை செய்யறது நின்னுடுச்சு. இனிமே அவருக்கு வலிக்காது, பசிக்காது, அவரால திரும்பி வர முடியாது" என்று நேராகச் சொல்லுங்கள். ஏழு வயதுக்குள் பெரும்பாலான குழந்தைகளுக்கு இறந்தவர் திரும்ப மாட்டார் என்பது பிடிபடத் தொடங்கிவிடும். அதைவிடச் சின்னக் குழந்தைகள் ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும், நீங்களும் அதே பதிலைச் சொல்ல வேண்டியதுதான்.

கேட்காவிட்டாலும் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு: "நீ சொன்னதாலயோ செஞ்சதாலயோ இது நடக்கலை." தாத்தாமேல் கோபப்பட்டதால்தான் போய்விட்டார் என்று குழந்தைகள் ரகசியமாக நம்பிக்கொண்டிருப்பது சகஜம். அவர்கள் முன்னால் நீங்கள் அழலாம், ஏன் அழுகிறீர்கள் என்று சொல்லிவிட்டு அழுங்கள்.

"துணிமணியெல்லாம் எப்ப எடுக்கணும்? பாத்தா அழுகை வருது, எடுக்கவும் மனசு வரலை."

அவசரமே இல்லை. வேறு யாரும் வந்து உங்களைக் கேட்காமல் காலி செய்யவும் விடாதீர்கள், நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது பெரிய காயமாகிவிடுகிறது. மூன்றாகப் பிரிக்கலாம்: வைத்துக்கொள்வது, கொடுப்பது, இப்போது முடிவெடுக்க முடியாதது. மூன்றாவதைப் பெட்டியில் போட்டுவிட்டு அடுத்த வருஷம் பாருங்கள்.

கடைசியாக உடுத்திய ஒன்றைத் துவைக்காமல் வையுங்கள், வாசனை சில காலம் இருக்கும். கையெழுத்து உள்ள காகிதம் எதையும் பார்க்காமல் தூக்கிப் போடாதீர்கள். சாமான் பட்டியலாக இருக்கும், மின்கட்டண ரசீதின் பின்னால் எழுதின தொலைபேசி எண்ணாக இருக்கும். 7க்கு நடுவில் கோடு போடுகிற பழக்கம் இருந்திருக்கும், அது அந்தத் துண்டுக் காகிதத்தில்தான் மிஞ்சியிருக்கும்.

"அவரோட போன், வாட்ஸ்அப், ஃபேஸ்புக் எல்லாத்தையும் என்ன பண்றது?"

முதலில் எதையும் அழிக்காதீர்கள், எண்ணை ரத்து செய்வதற்கு முன் நிதானியுங்கள். அந்த எண்ணுக்கு வரும் கடவுக் குறியீடு (ஓடிபி) இல்லாமல் வங்கி, மின்னஞ்சல் கணக்குகள் பல நேரம் திறக்காது. ரத்தான எண் பிறகு வேறொருவருக்குப் போய்விடும். வாட்ஸ்அப் கணக்கு 120 நாள் பயன்பாடு இல்லாமல் கிடந்தால் பொதுவாக நீக்கப்படுகிறது. அதற்காகக் காத்திருக்காமல் அவர் அனுப்பிய குரல் செய்திகளை உங்கள் தொலைபேசியிலிருந்தே இன்று பிரதி எடுத்து இரண்டு இடத்தில் சேமியுங்கள். "வரும்போது சாவியை எடுத்துட்டு வா" என்ற நான்கு நொடிச் செய்திதான் பின்னால் பொக்கிஷமாகும்.

ஃபேஸ்புக் கணக்கை நினைவுக் கணக்காக மாற்றக் கோரலாம், மாற்றிவிட்டால் பிறந்தநாள் நினைவூட்டல்கள் போகாது. கூகுள் கணக்கு இரண்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் இருந்தால் நீக்கப்படலாம், படங்களும் அதோடு போய்விடும். இப்போது உயிரோடு இருக்கும் நாம் செய்ய வேண்டியதும் உண்டு: ஃபேஸ்புக், கூகுள், ஆப்பிள் மூன்றிலுமே நமக்குப் பிறகு யார் பார்த்துக்கொள்வது என்று முன்கூட்டியே நியமிக்க வசதி இருக்கிறது. வேலை கொஞ்ச நேரம்தான்.

"நாங்க பிரிஞ்சு பல வருஷம். இப்ப செத்துட்டார். எனக்கு அழ உரிமை இருக்கா?"

இருக்கிறது. சமூகம் அங்கீகரிக்காத துக்கம் என்று கென்னத் டோக்கா என்ற துக்க ஆய்வாளர் 1980களிலேயே இதற்குப் பெயர் வைத்துப் பேசினார். பிரிந்த துணை, வெளியே சொல்லாத காதல், கருச்சிதைவு, நெருங்கிய நண்பன், சண்டையோடு முடிந்த உறவு எல்லாம் இதில் வரும். விடுப்பு கிடைக்காது, யாரும் வந்து விசாரிக்க மாட்டார்கள், அதனால் வலி இரட்டிப்பாகும். கெட்டதும் செய்த மனிதருக்காகத் துக்கப்படும்போது, இருந்த உறவுக்காகவும் அழுவீர்கள், இனி எப்போதும் சரியாகப்போவதில்லையே என்ற உறவுக்காகவும் அழுவீர்கள். அவரைப் புனிதராக்கிப் பேச வேண்டியதில்லை. நடந்ததை நடந்தபடி நினைத்துக்கொள்ளுங்கள்.

"தற்கொலைன்னு வெளிய சொல்லலாமா? மறைச்சு வச்சுட்டோம்."

யாரிடம் எவ்வளவு சொல்வது என்பது உங்கள் விருப்பம், ஆனால் வீட்டுக்குள் மறைக்காதீர்கள், குழந்தைகள் பின்னாளில் வெளியாள் மூலம் தெரிந்துகொள்வது மிகவும் மோசம். எந்த முறையில் என்ற விவரம் வேண்டாம். "ஏன்" என்ற கேள்விக்கு முழுப் பதில் பெரும்பாலும் கிடைக்காது, ஒரே காரணமும் இருக்காது. குற்றவுணர்வைப் பற்றி மேலே சொன்னது இங்கே பல மடங்கு பொருந்தும்.

வீட்டில் மிச்சம் இருப்பவர்களையும் கவனியுங்கள். யாராவது "நானும் போயிடலாம் போல இருக்கு" என்ற மாதிரிப் பேசினால், தற்கொலை எண்ணம் வருகிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஆமாம் என்றால் தனியாக விடாமல் மருத்துவரிடமோ உங்கள் நாட்டு உதவி எண்ணிடமோ கொண்டுசேருங்கள்.

"இது சாதாரண துக்கமா, டாக்டரைப் பாக்கணுமான்னு எப்படித் தெரியும்?"

முதல் பதிலில் கணக்கு கிடையாது என்று சொன்னேன், அதற்கு ஒரு விலக்கு இது. நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலிலும் (குறைந்தது 6 மாதம்), 2022இல் வந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டிலும் (பெரியவர்களுக்கு 12 மாதம்) சேர்த்திருக்கிறார்கள். நாள் கணக்கை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. ஏக்கம் ஏறக்குறைய தினமும் தாங்க முடியாத அளவுக்கு இருக்கிறதா, வேலை, குளியல், பிள்ளைகள் எதையும் பார்க்க முடியவில்லையா, தன்னில் ஒரு பாதி செத்துவிட்டது போல இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இதற்கென்றே உருவாக்கிய பேச்சுச் சிகிச்சை இருக்கிறது, பலன் தருகிறது. குடியோ தூக்க மாத்திரையோ கூடிக்கொண்டே போனால் ஆறு மாதம் வரை பொறுக்க வேண்டாம்.

"அம்மா குரல்லயே பேசுற செயற்கை நுண்ணறிவு செயலி இருக்காம். வாங்கட்டுமா?"

2020இல் தென்கொரியத் தொலைக்காட்சியில், இறந்துபோன ஏழு வயது மகளின் உருவத்தை மெய்நிகர் கருவி வழியாகத் தாய்க்குக் காட்டினார்கள். அந்தத் தாய் அது தனக்கு நல்ல அனுபவம் என்றார், பார்த்தவர்களில் பலருக்கு அது கொடுமையாகத் தெரிந்தது. யார் சொல்வது சரி என்று வெளியிலிருந்து தீர்ப்புச் சொல்ல எனக்கு மனமில்லை.

இருந்தாலும் என் கருத்தைக் கேட்டால், முதல் வருஷத்தில் வேண்டாம். அம்மா எப்போதோ அனுப்பிய நான்கு நொடிக் குரல் செய்தி அவர் உண்மையிலேயே சொன்னது. செயலி பேசுவது அம்மா சொல்லாதது, சில மாதங்களில் எது எது என்று உங்களுக்கே குழம்பிவிடும். மாதக் கட்டணம் நின்றால் குரலும் நின்றுவிடும், அது இரண்டாவது சாவு மாதிரி ஆகிவிடக்கூடாது. அந்த நேரத்தில் அம்மாவின் பழைய தோழிகள் நாலு பேருக்குத் தொலைபேசி செய்யுங்கள், "அம்மாவைப் பத்தி எனக்குத் தெரியாதது ஏதாவது சொல்லுங்க" என்று கேட்டு, அவர்கள் அனுமதியோடு பதிவு செய்துகொள்ளுங்கள். அவர்களுக்கும் வயதாகிறது, அதனால் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.